காலைக் காட்சியில் கரை சேர்ந்தவர்

“பாத்தா மட்டும் உனக்குத் தெரிஞ்சிடுமா, உங்கப்பன் மூஞ்சி?”

அத்தை இதைக் கேட்டபோது காலி மீன்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, முழங்கையில் ஒட்டியிருந்த செதில்களை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள். கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதபோது எனக்கு இரண்டு வயது. வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் குப்பத்தில் அந்தக் காலத்தில் யார் படம் எடுத்துக்கொண்டார்கள்?

“தெரியும்” என்றேன்.

“இன்னா தெரியும்? காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா?”

அடையாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே இருக்கிற எங்கள் குப்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. அத்தை அப்பாவின் அக்கா. எழுத்து தெரியாது. ஆனால் அவள் நெஞ்சில் அப்பாவின் முகம் இருந்தது, என் நெஞ்சில் இல்லை. அந்த விஷயத்தில் அவள்தான் படித்தவள்.

பேச்சு ஆரம்பித்தது அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. அத்தை அபிராமபுரத்திலும் மயிலாப்பூரின் சில தெருக்களிலும் மீன் விற்பவள். வெள்ளிக்கிழமையில் அந்தப் பக்கம் யாரும் மீன் வாங்கமாட்டார்கள். அன்று அவளுக்கு விடுமுறை. மயிலாப்பூரில் ஒரு தியேட்டரில் காலைக் காட்சிக்குப் பழைய படங்களாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குப் புராணம், நாளைக்கு ராஜா ராணி, மறுநாள் பேய்ப்படம், அதற்கடுத்து தெலுங்கிலிருந்து வந்த மாயாஜாலம். எல்லாம் முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து. டிக்கெட் மலிவு, மின்விசிறி உண்டு. அத்தை படம் பார்க்கப் போவதாகச் சொல்வாள். போய்த் தூங்குவாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் தூங்கவில்லை. பதினோரு மணி வெயிலில் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஓடியே வந்தாள். அம்மா வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். அத்தை அவள் முன்னால் மணலில் உட்கார்ந்து சொன்னாள்:

“உன் புருஷன் கரைக்கு வந்துட்டான்.”

அம்மாவின் கை நின்றது.

“படத்துல. தோ, இந்தக் கண்ணால பாத்தேன். நாலு பேர் தூக்கினு வந்து மணல்ல போட்டாங்க. ஈரம் சொட்டச் சொட்டப் போட்டாங்க. என் தம்பிதான். எனக்குத் தெரியாதா?”

அம்மா குனிந்து கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். ஒவ்வொன்றாகத் திருப்பினாள். வளையல்கள் ஓசையிட்டன.

அந்த வளையல்களில்தான் விஷயம். எங்கள் ஊரில் உடம்பு கரை சேராதவனுக்குக் காரியம் செய்வதில்லை. கடல் எடுத்ததைக் கடல் திருப்பித் தரும்வரை அவன் பெண்சாதி பொட்டையும் வளையலையும் எடுக்கமாட்டாள். சில வருடம் பார்த்துவிட்டு ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, போதும் என்று ஒரு நாளைக் குறிப்பார்கள். மற்றப் பெண்கள் ஒத்துக்கொண்டார்கள். அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தடவையும் “உடம்பு எங்க? காட்டுங்க” என்றாள். யாரால் காட்ட முடியும்? அதனால் கல்யாண வீடுகளில் மஞ்சள் குங்குமத் தட்டை நீட்டும் கை அம்மாவுக்கு எதிரில் வந்ததும் பாதியில் நிற்கும். நெற்றியில் காலணா அகலத்துக்குச் சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டு அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு தானே எடுத்து வைத்துக்கொள்வாள்.

அத்தைக்கு வேறு வேதனை. அவள் கனவில் தம்பி வாசலில் வந்து நிற்பான். ஈரத் துணியோடு நிற்பான். உள்ளே வாடா என்றால் வரமாட்டான். காரியம் ஆகாததால் உள்ளேயும் வரமுடியாமல் வெளியேயும் போகமுடியாமல் நிற்கிறான் என்பாள்.

இப்போது உடம்பு வந்துவிட்டது. சினிமாவில் வந்தாலும் வந்ததுதானே? இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். எங்கள் ஊரில் யாரும் சிரிக்கவில்லை. எனக்கு இரண்டு வயதானபோது எங்கள் கரையில் ஒரு படப்பிடிப்பு நடந்ததும், குப்பத்து ஆண்கள் கும்பலில் நடித்ததும் எல்லாருக்கும் தெரியும். அதில் அப்பா என்னவாக நடித்தார் என்பது மட்டும் யாருக்கும் நினைவில்லை. படம் வெளியானபோது போய்ப் பார்த்தவர்களும் இல்லை. அந்த வருஷம் ஐப்பசியில்தான் அப்பாவின் கட்டுமரம் தனியாகக் கவிழ்ந்து வந்தது.

ஊர்ப் பெரியவரை நாங்கள் நாட்டார் என்போம். நாட்டார் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார். “உடம்பக் காட்டுன்னு கேட்டே. உன் நாத்தனா பாத்துட்டேன்றா. இனிமே இன்னா சொல்றே?”

அம்மா என்னைப் பார்த்தாள். “இவ போய்ப் பாத்துட்டு வரட்டும். இவ சொல்றத நான் கேட்டுக்கறேன்.”

அம்மா ஏன் தானே போகிறேன் என்று சொல்லவில்லை என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. என் வாயிலிருந்து வரப்போகிற ஒரு சொல்லில் அம்மாவின் வளையல் இருந்தது. அது மட்டும் புரிந்தது.

பரீட்சைக்கு முந்தின விடுமுறை. புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு காலையில் பஸ் ஏறினேன். தியேட்டர் வாசலில் கரும்பலகையில் அன்றையப் படத்தின் பெயரைச் சாக்பீஸால் எழுதியிருப்பார்கள். ஆனால் பலகையை நம்ப முடியாது. கம்பெனியிலிருந்து சைக்கிள் ரிக்‌ஷாவில் எந்தத் தகரப்பெட்டி வந்து இறங்குகிறதோ அதுதான் படம். முதல் நாள் பலகையில் நான் தேடிப்போன படத்தின் பெயர்தான் இருந்தது. உள்ளே போனால் குதிரைமேல் ராஜா வருகிறார். யாரும் எழுந்து போகவில்லை. எந்தப் படமாக இருந்தால் என்ன என்று வந்தவர்கள் அவர்கள். ஓய்வு பெற்ற கிழவர்கள், கடை திறக்க நேரமிருக்கிற தி. நகர் ஜவுளிக்கடைச் சிப்பந்திகள் இருவர், பெண்கள் பக்கத்தில் ஒரு மாமி. அவ்வளவுதான் கூட்டம்.

மாமி ஒரு பிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் முகத்தைத் திருப்பாமலே பேச ஆரம்பித்தார்.

“இவர் போயிட்டார்” என்றார் ராஜாவைப் பார்த்து. ராணி வந்தாள். “இவளும் போயிட்டா. பாவம், சின்ன வயசு.” மந்திரி வந்தார். “இவர் இருக்கார். படுத்த படுக்கைன்னு கேள்வி.” பாட்டு வந்தது. “பாடினவா போயிட்டா.” ராஜா குதிரையைத் தட்டிக் கொடுத்தார். “அந்தக் குதிரையும் போயிருக்கும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. வெளியே நல்ல வெயில். கதவுத் திரையின் இடுக்கில் ஒரு கோடு வெளிச்சம் விழுந்திருந்தது. வெளியில் காய்கறிக்காரன் கூவிக்கொண்டு போவது கேட்டது. உள்ளே, போய்விட்டவர்கள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டும் இருந்தார்கள். அவர்களுக்கு அது தெரியவில்லை. மாமிக்கும் எனக்கும் தெரிந்திருந்தது.

“நீ யாரப் பாக்க வந்திருக்கே கொழந்தே?” என்றார் மாமி.

எல்லாரும் யாரையாவது பார்க்கத்தான் வருகிறார்கள் என்பதுபோலக் கேட்டார். நான் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று ராஜாவின் படையில் ஈட்டி பிடித்து நின்ற ஒருவனைப் பார்த்தேன். வரிசையில் மூன்றாவது ஆள். மற்றவர்களெல்லாம் நேரே பார்த்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் கேமராவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான் என்று தோன்றியது. அப்பா ஒரு படத்தில் நடித்திருந்தால் இன்னொன்றிலும் நடித்திருக்கலாம் இல்லையா? சண்டை வந்தது. அவன் மார்பில் வாள் பாய்ந்து விழுந்தான். நான் எழுந்தே நின்றுவிட்டேன். மாமி கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். “கன்னத்துல நீளமா ஒரு தழும்பு” என்றேன்.

“தழும்பா? உங்கப்பன் மூஞ்சில ஒரு கீறல் கிடையாதுடி. வழவழன்னு வஞ்சிர மீன் மாதிரி இருப்பான்.” அவள் சிரிக்கவில்லை. “அதுக்குத்தான் கேட்டேன்.”

எவனோ ஒருவனுக்காக நான் எழுந்து நின்றிருக்கிறேன். அந்த அவமானம் என்னை விடவில்லை. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். பெட்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. புராணம் பார்த்தேன். அதில் கடலில் மூழ்கிய அசுரர் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். கண்ணீர்ப் படம் ஒன்றில் மருத்துவமனைக் கட்டில்களில் படுத்திருந்தவர்களைத் தேடினேன். பேய்ப்படம் வந்த அன்றைக்குத்தான் எனக்குப் பயமே இல்லை. வெள்ளைப் புடவை கட்டியவள் பாடிக்கொண்டு போனாள். மாமி, “இவ நன்னா இருக்கா, அடையாறுல வீடு கட்டிண்டிருக்கா” என்றார்.

பயம் பஸ்ஸில்தான் வந்தது. திரும்பி வரும்போது சாந்தோம் பக்கம் ஏறுகிறவர்கள், ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்குகிறவர்கள், கண்டக்டர், எல்லாருமே யாரோ எடுத்துவைத்துவிட்டுப் போன படத்தில் இருப்பவர்கள்போலத் தெரிந்தார்கள். எங்கோ இருட்டில் ஒரு மாமி உட்கார்ந்துகொண்டு, இவர் போயிட்டார், இந்தப் பொண்ணும் போயிட்டா என்று சொல்லிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். நான் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். கம்பி சூடாக இருக்கும். அந்தச் சூடு கொஞ்சம் தைரியம் தரும்.

கடைசியில் பெட்டி வந்தது. அத்தையும் அவளோடு மீன் விற்கிற இரண்டு பெண்களும் என்னோடு வந்திருந்தார்கள். மாமியைச் சேர்த்து ஒரே வரிசையில் உட்கார்ந்தோம்.

கடற்கரைக் கதை. கதாநாயகியின் புருஷன் புயலில் கடலுக்குப் போயிருக்கிறான். புயல் அடங்கியதும் கரையில் கூட்டம் கூடுகிறது. அது எங்கள் கரை. இன்றைக்கு வீட்டுமனை போட்டுக் கல் நட்டிருக்கிற மேட்டில் அப்போது வெறும் தாழம்புதர். அத்தை என் தொடையைக் கிள்ளினாள்.

நான்கு பேர் ஓர் உடலைத் தூக்கிக்கொண்டு வந்து மணலில் கிடத்தினார்கள். முதலில் முழு உடம்பும் தெரிந்தது. வலது காலின் கட்டைவிரல் ஒரு தடவை மடங்கி நிமிர்ந்ததுபோல இருந்தது. தண்ணீர் சொட்டியதால் அப்படித் தோன்றியது என்று நினைத்தேன். கதாநாயகி ஓடிவந்து மண்டியிடுகிறாள். முகத்தை மூடியிருந்த ஈரத்துணியை விலக்குகிறாள். திரை முழுக்க அந்த முகம் வந்தது.

எனக்குத் தெரிந்தது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் மேலுதட்டு வளைவு அங்கே இருந்தது. என் புருவம் இருந்தது. கண் மட்டும் இல்லை, மூடியிருந்தது.

மாமி என் பக்கம் சாய்ந்து கேட்டார். “இது யாருன்னு தெரியலையே. இருக்காரா, போயிட்டாரா?”

“தெரியாது மாமி” என்றேன்.

கதாநாயகி அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். தன் புருஷன் இல்லை என்று தெரிந்தது. அப்பாடா என்று பெருமூச்சு விட்டாள். துணியை மறுபடி மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள். கதையும் அவளோடு போய்விட்டது.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று கத்தினாள். “அடியே, உன் புருஷன் இல்லன்னா யார் புருஷன்னு கேளேண்டி! நீ பாட்டுக்கு எய்ந்து போறியே!” பிறகு மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள். கூட வந்த இருவரும் சேர்ந்துகொண்டார்கள். டார்ச் வெளிச்சம் எங்கள் மேல் விழுந்தது. “இன்னாம்மா இது, சாவு வூடா?” என்றார் டிக்கெட் கிழிப்பவர். “ஆமாய்யா, சாவு வூடுதான்” என்றாள் அத்தை. ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ உஸ் உஸ் என்றார்கள்.

நான் அழவில்லை. துணியை மூடுவதற்கு முன்னால் நான் ஒன்றைப் பார்த்துவிட்டிருந்தேன். தொண்டைக்குழி. அது மெல்ல உள்வாங்கி, மெல்ல எழுந்தது. அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் மாமி பின்னாலேயே வந்தார். அது என் அப்பா என்றும், மூச்சு விட்டதைப் பார்த்தேன் என்றும் அவரிடம் சொன்னேன். “சிரிக்க வெச்சிருப்பாளே” என்றார். “எங்காத்து மாடியில ஸ்டுடியோக்காரர் ஒருத்தர் குடியிருந்தார். பொணமா நடிச்சவாள உடனே எழுப்பி உக்கார வெச்சு, சிரிக்கச் சொல்லி ஒரு துண்டு படம் எடுத்துடுவாளாம். அப்பத்தான் தோஷம் போகும். அத வெட்டிப் போட்டுடுவா, நமக்குக் காட்டமாட்டா.”

அன்று மத்தியானம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாதான் என்றேன். மூச்சு விடுகிறார் என்றேன். மாமி சொன்னதையும் சொன்னேன். அம்மா அரிவாள்மனையில் வைத்திருந்த மீனை அப்படியே விட்டுவிட்டு எழுந்து கதவைச் சாத்தினாள். பகலில் எங்கள் வீட்டுக் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

“எனக்குத் தெரியும்” என்றாள். “பொணமாத்தான் நடிச்சாரு. தூரமா நின்னு பாத்துகினு இருந்தேன், உன்ன இடுப்புல வெச்சிகினு. எடுத்து முடிச்சானுங்க, மேகம் வந்து மூடிக்கிச்சு. பூசணிக்காய மட்டும் ஒடச்சானுங்க. சிரிக்கறத நாளைக்கு எடுத்துக்கலாம்னானுங்க. நாளைக்கு ஒருத்தனும் வரல.”

“அதுக்காம்மா இத்தினி வருசமா?”

“சாவடிச்சிட்டு எழுப்பாம பூட்டானுங்க. அப்புறந்தான் கடல் எடுத்துச்சு. எழுப்பாதவர எப்படிடீ அனுப்பறது?”

கல்லூரியில் படித்த எதுவும் எனக்கு அப்போது உதவவில்லை. இருட்டிய அறையில் அம்மாவின் பொட்டு மட்டும் தெரிந்தது.

நாட்டார் வீட்டு வாசலில் கூட்டம் கூடியது. அத்தை கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாள். என்னைக் கேட்டார்கள்.

“எங்கப்பாதான்” என்றேன். “ஆனா அதுல அவரு சாகல. மூச்சு வுடுறாரு. நான் பாத்தேன்.”

சலசலப்பு எழுந்தது. “மூச்சு வுடறவனுக்கு எப்படிக் காரியம் பண்றது?” என்றார் ஒருவர். “டேய், அது சினிமாடா” என்றார் இன்னொருவர். “சினிமான்னா அப்ப உடம்பும் உடம்பு இல்ல” என்றார் முதலாமவர். நாட்டார் வெகுநேரம் மீசையைத் தடவினார். பிறகு, அடுத்த முறை அந்தப் படம் வரும்போது நாமே போய்ப் பார்த்துவிடலாம் என்றார்.

“நானும் வர்றேன்” என்றாள் அம்மா.

அடுத்த சுற்று வருவதற்குள் வெயில் காலம் போய்விட்டது. அந்தக் காலைக் காட்சிக்குக் குப்பமே வந்தது என்று சொல்லலாம். கடலுக்குப் போய் வந்த ஆண்கள் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, எழவு வீட்டுக்குப் போவதுபோலப் பேசாமல் வந்தார்கள். அம்மா புதிதாக வளையல் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் மாமி.

கூட்டம் கரையில் கூடியது. நான்கு பேர் தூக்கி வந்தார்கள். கிடத்தினார்கள். அம்மாவின் கை என் கையைத் தேடி வந்தது. ஈரமாக இருந்தது. கதாநாயகி மண்டியிட்டாள். துணியை விலக்கினாள். முகம் வந்தது.

முகம் அப்படியே நின்றுவிட்டது. பிலிம் சிக்கிக்கொண்டது என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியவில்லை. தொண்டைக்குழியைப் பார்த்தேன். அசையவில்லை. கதாநாயகியின் கையும் அசையவில்லை. பாட்டும் அலைச் சத்தமும் அறுந்துபோய், விசிறிகளின் கடகடப்பு மட்டும் கேட்டது. அப்பா முதல் தடவையாக நிஜமாகவே செத்துக் கிடந்தார். எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நெற்றியின் ஓரத்தில் பழுப்பாக ஒரு புள்ளி தோன்றியது. அது கொப்புளம்போல விரிந்தது. விளிம்பு கறுத்து, உள்ளே வெள்ளையாக, முகத்தைத் தின்றுகொண்டு இறங்கியது. புருவத்துக்கு வருவதற்குள் திரை வெறும் வெளிச்சமாகிவிட்டது.

யாரும் விசிலடிக்கவில்லை. ஒரு பொசுங்கல் வாடை வந்தது. பின் வரிசையில் ஒரு கிழவி, “கொள்ளி வெச்சிட்டாங்க” என்றாள், தாழ்ந்த குரலில்.

மறுபடி படம் ஓட ஆரம்பித்தபோது கதாநாயகி எழுந்து போய்க்கொண்டிருந்தாள். அப்பாவின் முகம் மூடியிருந்தது.

வெளியே வெயிலில் நாட்டார் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். “இதுக்கு மேல இன்னா பாக்கணும்?” என்றார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. மூச்சை நான் ஒருத்திதான் பார்த்தேன். இனி யாராலும் பார்க்க முடியாது. நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தோளில் கைவைத்து அழுத்தினாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை.

“தூக்கினு வந்து போட்டப்ப அவரு கால் கட்டவெரல் ஆடிச்சா இல்லியா?” என்று கேட்டாள்.

“ஆடிச்சும்மா. போன தபாவும் ஆடிச்சு. நான் தண்ணின்னு நெனச்சேன்.”

“தண்ணி இல்ல.” அவள் குரல் உடைந்தது. உடைந்து சிரிப்பாக மாறியது. “சிரிப்ப அடக்குனா அந்த வெரல் ஆடும். பொண்ணு பாக்க வந்தன்னிக்கே ஆடிச்சு. எங்கப்பா எதிர்ல ஒக்காந்துகினு மூஞ்சிய உம்முன்னு வெச்சிருக்காரு, கீழ வெரல் ஆடிகினே கீது. நான் கதவுக்குப் பின்னாலேர்ந்து பாத்தேன்.” தியேட்டர் வாசலில், அத்தனை பேர் நடுவில், அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தை பயந்துபோய் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

“சிரிச்சிட்டாரு நாட்டாரே” என்றாள் அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டு. “பொணமா கெடக்கும்போதே சிரிச்சிகினுதான் இருந்திருக்காரு. நான்தான் தூரமா நின்னேன், தெரியல. போதும். நாளை நீங்க குறிக்க வேணாம். நானே குறிக்கறேன். வர்ற ஆடி அமாவாசை.”

நான் அம்மாவின் கையைப் பார்த்தேன். புது வளையல்கள். அவற்றைக் காப்பாற்றத்தான் நான் இத்தனை நாள் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். அவளோ அவற்றைத் தானே கழற்றி வைக்கப் போகிறாள். ஆனால் தட்டை நீட்டும் கை இனி பாதியில் நிற்காது. தட்டு வராது. அவ்வளவு தெளிவு அவளுக்குப் போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை.

காரியத்தன்று வைக்க ஒரு படம் வேண்டும் என்றாள் அத்தை. எல்லார் வீட்டிலும் இப்போது வைக்கிறார்கள். நான் அங்கிருந்தே மறுபடி தியேட்டருக்குள் போனேன். பக்கவாட்டு இரும்புப் படிகளில் ஏறி ஆபரேட்டர் அறையின் கதவைத் தட்டினேன். பொசுங்கிய இடத்தை வெட்டி எடுத்தீர்களே, அது எங்கே என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தரையில் கிடந்த குப்பையைக் காலால் காட்டினார். “அதுவா? எடுத்துக்கோம்மா.”

ஒரு விரல் நீளத் துண்டு. ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. படியில் நின்று வெயிலில் தூக்கிப் பிடித்தேன். ஒன்றன்கீழ் ஒன்றாகச் சின்னச் சின்ன அப்பாக்கள். மேலே இருந்தவர்கள் எரிந்துபோயிருந்தார்கள். கடைசியில் ஒருவர் மட்டும் முழுதாக இருந்தார்.

தி. நகரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் அதைக் கொடுத்தேன். பெரிதாக்கிக் கொடுத்தார்கள். அங்கே படங்களுக்கு மை தீட்டுகிற ஓவியர் அதைப் பார்த்ததும் கேட்டார். “கண்ணைத் தொறந்துடலாமாம்மா?”

நான் விழித்தேன்.

“செத்தப்புறம் எடுக்கற படத்துக்கெல்லாம் அப்படித்தான் செய்வோம். மூடின கண்ணுமேல தொறந்த கண் வரைஞ்சிடுவோம். மாலை போட்டு மாட்டினா ஜம்முன்னு இருக்கும்.”

“அவர் இதுல சாகலீங்க. நடிக்கிறாரு.”

“எதுவா இருந்தா என்ன, மூடித்தானே இருக்கு? வேற படம் இருந்தா கொண்டாம்மா. கண்ணைப் பாத்துத்தான் வரையணும், சும்மா வரைஞ்சா வேற ஆளாயிடுவார்.”

வேறு படம் இல்லை என்றேன். அவர் என் முகத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். என் கண்ணைப் பார்த்து வரையலாமா என்று வீட்டில் அம்மாவிடம் கேட்டேன். அவள் என் மோவாயைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வெகுநேரம் பார்த்தாள். “அதே கண்ணுதான். எடுத்துக்கச் சொல்லு” என்றாள்.

நேற்றுக் காலை போய் உட்கார்ந்தேன். ஜன்னல் பக்கம் ஒரு முக்காலி. இமைக்காதேம்மா என்றார். மெல்லிய தூரிகை காகிதத்தில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. என் கண்ணில் நீர் கோத்தது. அதையும் வரைந்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு கண் முடிந்ததும் அவர் பலகையைத் திருப்பிக் காட்டி, “சரியா இருக்கா பாரு” என்றார்.

வலது கண் என்னுடையது, திறந்திருந்தது. இடது கண் அவருடையது, மூடியிருந்தது. மேலுதட்டு வளைவு இருவருக்கும் பொது. இனிமேல் சிரிப்பை அடக்க முடியாது என்பதுபோல அந்த முகம் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தது. நான் பார்வையை எடுக்கவில்லை. பார்த்தவுடன் எனக்குத் தெரிந்தது, அப்பாவின் மூஞ்சி.

ஓவியர் தூரிகையை மையில் தோய்த்து, “இன்னும் ஒரு கண்தான், உக்காரு” என்றார்.

இரண்டு கண்ணும் என்னுடையவையானால் அவர் வேறு ஆளாகிவிடுவார். நான் எழுந்துவிட்டேன். இவ்வளவு போதும் என்றேன். அவர் என்னென்னவோ சொன்னார், பாதி வேலையை வெளியே அனுப்பினால் கடைக்குக் கெட்ட பெயர் என்றார். மை காய்கிறவரை பக்கத்திலேயே நின்றேன். பழைய செய்தித்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு, மார்போடு அணைத்துப் பிடித்து, அடையாறு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.